பழைய வார்ப்பிரும்புச் சட்டிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எஸ்டேட் சேல்களிலும் கராஜ் சேல்களிலும் பழைய வீட்டுச் சாமான்கள் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வார்ப்பிரும்புச் சட்டிகளைப் பற்றியவை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியின் வீட்டுச் சாமான்களை விற்றபோது, கைப்பிடி வைத்த கறுத்த இரும்புச் சட்டி ஒன்றை 15 டாலருக்கு வாங்கினேன். கழுவியபின் பின்புறத்தில் இரட்டை வட்டத்துக்குள் ஒரு சிலுவையும், அதனுள் ‘க்ரிஸ்வோல்டு’ என்ற பெயரும், கீழே ‘எரி, பென்சில்வேனியா’ என்பதன் சுருக்கமும், 704 என்ற எண்ணும், அதன்பின் ஓர் எழுத்தும் தெரிந்தன. கைப்பிடியில் 8 என்று இருக்கிறது. ஆனால் அளந்தால் வாய் பத்தரை அங்குலம் வருகிறது. இது எவ்வளவு பழையது? என்ன விலை பெறும்?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அமெரிக்க வார்ப்பிரும்பைச் சேகரிப்பவர்கள் முதலில் தேடும் பெயர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. எரி ஏரிக்கரையில் உள்ள எரி நகரில் 1865இல் செல்டன் குடும்பத்தாரும் மேத்யூ க்ரிஸ்வோல்டும் கூட்டாகத் தொடங்கிய தொழில் அது. தொடக்கத்தில் கதவுக் கீல் போன்ற சில்லறை இரும்புச் சாமான்களையே வார்த்துவந்தார்கள். 1884இல் செல்டன்களின் பங்கையும் க்ரிஸ்வோல்டே வாங்கிக்கொண்டார். அதற்குள் சமையல் பாத்திரங்கள் அவர்களுடைய முக்கியச் சரக்காகிவிட்டிருந்தன. எரியில் இருந்த ஆலை 1957இல் மூடப்பட்டது. அதன்பின் அந்தப் பெயர் ஒஹாயோ மாநிலம் சிட்னி நகரிலிருந்த போட்டி நிறுவனமான வாக்னரின் உரிமையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதே சிலுவை முத்திரையை வைத்துச் சில காலம் சட்டிகளை வார்த்தார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றை எரிச் சட்டிகளோடு சேர்த்து மதிப்பதில்லை. உங்கள் சட்டியின் அடியில் எரி நகரின் பெயர் இருப்பதால் அந்தச் சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

காலத்தைக் கணிக்க முத்திரையின் வடிவமே கைகொடுக்கும். மிகப் பழையவற்றில் ‘எரி’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். இவை 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளையும் அதற்கடுத்த சில ஆண்டுகளையும் சேர்ந்தவை. அதன்பின் சிலுவைக்குள் நிறுவனத்தின் பெயர் சாய்ந்த எழுத்தில் வந்தது. 1920களிலிருந்து 1930களின் இறுதி வரை நிமிர்ந்த, தடித்த எழுத்துடன் அடிப்பகுதியின் நடுவில் பெரிதாக அமர்ந்த முத்திரை. அதன்பின் ஆலை மூடும் வரை அதுவே சின்ன வட்டமாகச் சுருங்கிவிடுகிறது. பெரிய முத்திரைச் சட்டிகளிலும் அடி விளிம்பை ஒட்டி மேடாக ஒரு வளையம் ஓடினால் அது முந்தியது. அடி மழமழவென்று தட்டையாக இருந்தால் பிந்தியது. விறகு, நிலக்கரி அடுப்புகளின் மேல்தட்டில் உட்காருவதற்காக இருந்த அந்த வளையம், எரிவாயு அடுப்பும் மின்னடுப்பும் பரவியபின் தேவையற்றதாகிவிட்டது.

8 என்பது அங்குலக் கணக்கு இல்லை. அக்காலத்து அடுப்பின் மேல்தட்டில் மூடியோடு கூடிய வட்டத் துளைகள் இருக்கும். எந்த எண் துளைக்கு எந்தச் சட்டி பொருந்தும் என்பதைக் குறிக்கவே சட்டிகளுக்கு எண் போட்டார்கள். எட்டாம் எண் சட்டியின் வாய் ஏறக்குறைய பத்தரை அங்குலமும், மூன்றாம் எண் சட்டியின் வாய் ஆறரை அங்குலமும் இருக்கும். 704 என்பது அந்த எட்டாம் எண் சட்டிக்கு ஆலை வைத்திருந்த பேட்டர்னின், அதாவது மணலில் பதித்து அச்செடுக்க உதவும் மாதிரி வடிவத்தின், எண். பின்னால் வரும் எழுத்து, ஒரே அளவுக்குச் செய்துவைத்திருந்த பல பேட்டர்ன்களில் எதிலிருந்து இது வார்க்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அதை ஆண்டுக் குறியாக எடுத்துக்கொண்டு சிலர் போடும் கணக்குகளை நம்பாதீர்கள்.

இனி விலை. வயதைவிட, எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. எட்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் வீட்டுக்கு வீடு இருந்தவை. ஆகவே இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதே முத்திரையோடு இரண்டாம் எண்ணோ பதின்மூன்றாம் எண்ணோ கிடைத்தால் விலை பல நூறு டாலரைத் தொடும். உங்களுடையது பெரிய முத்திரையும் குறையற்ற நிலையும் உடையதாக இருந்தால் 100 டாலரை ஒட்டியும், சின்ன முத்திரையாக இருந்தால் அதில் பாதியை ஒட்டியும் எதிர்பார்க்கலாம்.

‘குறையற்ற நிலை’ என்பதை நீங்களே சோதித்துவிடலாம். கைப்பிடியின் முனையை இரு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் விளிம்பில் தட்டுங்கள். மணியோசைபோல நீண்டு ஒலித்தால் நல்லது. ‘டப்’ என்று செத்த ஓசை வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. பெரும்பாலும் அது விளிம்பிலிருந்து கீழ்நோக்கி முடியிழைபோல இறங்கும். விரல் நகத்தை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும். பின்பு சட்டியைக் கண்ணாடி மேசையின்மேல் வைத்து விளிம்பில் அழுத்துங்கள். ஆடினாலோ, சுண்டிவிட்டால் பம்பரமாகச் சுற்றினாலோ அடி நெளிந்திருக்கிறது. விரிசல் விழுந்த சட்டிக்குச் சேகரிப்பாளரிடம் அனேகமாக மதிப்பில்லை. நெளிந்ததற்குப் பாதிகூடக் கிடைக்காது.

கேள்வி: என் சட்டியின் அடியில் ‘வாக்னர்’, ‘1891’, ‘ஒரிஜினல்’ என்று வார்த்திருக்கிறது. 130 வயதைத் தாண்டிய பொருள் என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். 120 டாலர் கொடுத்தேன்.
— வாசகர், டேட்டன், ஒஹாயோ

பதில்: வருந்துகிறோம். வாக்னர் நிறுவனம் 1891இல் சிட்னி நகரில் தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் உங்கள் கையில் இருப்பது அதன் நூற்றாண்டை ஒட்டி 1991இல் வெளியிடப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. அடியைக் கவனித்துப் பாருங்கள்; சட்டியை எப்படிப் பழக்குவது என்ற குறிப்பையே ஒரு பத்தி அளவுக்கு அதில் வார்த்திருப்பார்கள். விறகடுப்புக் காலத்தில் அப்படிப் பாடம் சொல்லும் சட்டியை எவரும் வார்த்ததில்லை. சமைக்க நல்ல சட்டிதான். பழம்பொருளாக அதற்கு விலையில்லை. விற்றவரிடம் ரசீது வாங்கியிருந்தால் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

வேறு சில வார்ப்புகளில் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லோடு ஓர் ஆண்டு இருக்கும். அது காப்புரிமை கிடைத்த ஆண்டு. பொருள் அதற்குப் பின் எத்தனை ஆண்டுகள் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம்.

கேள்வி: பெயரே இல்லாத சட்டிகளை ஒதுக்கிவிடலாமா? என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றின் அடியில் நீளமாக ஒரு தழும்பு ஓடுகிறது. மற்றொன்றில் அடி வளையம் மூன்று இடங்களில் விட்டுப்போயிருக்கிறது. இன்னொன்றில் ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று மட்டும் இருக்கிறது.
— வாசகி, பிளேனோ, டெக்சஸ்

பதில்: தழும்பு உள்ளதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். இரும்புப் பானைகளை மணல் அச்சில் வார்க்கும் முறைக்கு 1707இல் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி காப்புரிமை பெற்றார். அம்முறையில் அச்சைக் கவிழ்த்து வைத்து, உருகிய இரும்பை அடிப்பக்கத்திலிருந்து ஊற்றுவது வழக்கம். ஊற்றிய வாயில் இறுகி நிற்கும் இரும்பை உடைத்தெடுத்துத் தேய்த்தபின் எஞ்சும் வடுதான் நீங்கள் காண்பது. மிகப் பழைய வார்ப்புகளில் அது காசு வடிவில் வட்டமாக இருக்கும். பின்னர் நீண்ட கோடாக மாறியது. பக்கவாட்டில் ஊற்றும் முறை பரவியபின் அடியில் வடுவே இல்லாமல் போயிற்று. கோடு உள்ள அமெரிக்கச் சட்டிகள் பொதுவாக 1890களுக்கு முந்தியவை என்று கொள்ளலாம். ஆயினும் சில வார்ப்பாலைகள் பழைய முறையைப் பிறகும் விடவில்லை என்பதால் அந்த ஒரு சான்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சுவர் எவ்வளவு மெல்லியது, உட்புறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடி வளையம் மூன்று இடங்களில் விட்டிருப்பது டென்னசி மாநிலம் சவுத் பிட்ஸ்பர்க்கில் உள்ள லாட்ஜ் ஆலையின் பழைய சட்டிகளுக்கு உரிய அடையாளம். ஜோசப் லாட்ஜ் 1896இல் அங்கே தொடங்கிய வார்ப்பாலை 1910இல் தீக்கிரையாகி, அதன்பின் லாட்ஜ் என்ற பெயரில் மீண்டும் எழுந்து இன்றுவரை இயங்குகிறது. மூன்றாவது சட்டி அனேகமாக 1960களிலோ அதற்குப் பிறகோ வார்க்கப்பட்டது. தினசரிச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்லாதவற்றிலும் பெயர் பெற்றவர்களின் கைவேலை உண்டு. கடைகள் தங்கள் பெயரில் விற்பதற்காகப் பெரிய ஆலைகளிடம் பெயர் பொறிக்காத சட்டிகளை வாங்கியதுண்டு. அலபாமாவின் பர்மிங்ஹாம் ஸ்டவ் அண்ட் ரேஞ்ச் நிறுவனத்தின் சட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவனத்தின் பெயரே கிடையாது. மாறாக, பலரும் கேள்விப்படாத பெயருக்கு நல்ல விலை உண்டு. ஒஹாயோவின் வாபாகொனெட்டாவில் 1903 முதல் 1926 வரை இயங்கிய வாபாக் ஆலையின் சட்டிகளில், இறகணிந்த பூர்வகுடி மனிதரின் தலை பொறித்தவை கிடைத்தால் கையைவிட்டு விடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் அரிய க்ரிஸ்வோல்டு ஒன்று 400 டாலருக்கு வருகிறது. போலிகள் உண்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: தாராளமாக உண்டு. எந்தச் சாமான் விலைபோகிறதோ அதற்கே போலி வரும். விளையாட்டுச் சாமான் அளவிலான குட்டிச் சட்டிகள், ஆட்டுக்குட்டி வடிவிலும் சாண்டா கிளாஸ் வடிவிலும் உள்ள கேக் அச்சுகள் ஆகியவற்றில் போலிகள் மலிந்திருக்கின்றன. எட்டாம் எண் சட்டியைப் போலியாக வார்த்து எவரும் பணம் பண்ண முடியாது.

போலி செய்பவர் பேட்டர்ன் எதையும் புதிதாகச் செதுக்குவதில்லை. அசல் சட்டி ஒன்றையே மணலில் பதித்து அச்செடுத்து வார்த்துவிடுகிறார். அவர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். உருகிய வார்ப்பிரும்பு இறுகும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். கோவையின் பவுண்டரிகளில் பேட்டர்ன் செய்பவரைக் கேட்டால், ஓரடி நீளத்துக்கு எட்டில் ஒரு அங்குலம் கூட்டித்தான் மரத்தைச் செதுக்குவோம் என்பார். அசலையே அச்சாக வைப்பவரால் அப்படிக் கூட்ட முடியாது. ஆகவே பத்தரை அங்குல வாயுள்ள அசலிலிருந்து பிறக்கும் நகல், சுமார் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் குறைவாக வரும். அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றின் வாய், அடி, கைப்பிடி நீளம் மூன்றையும் வெர்னியர் அளவியால் அளந்து வைத்துக்கொண்டு, விற்பவரிடம் அதே அளவுகளைக் கேளுங்கள். மூன்றுமே ஒரே விகிதத்தில் குறைந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

அளக்க வழியில்லாதபோது எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். நகலில் வெண்ணெயில் எழுதியதுபோல் மழுங்கியிருக்கும். அசலின் உட்புறத்தை ஆலையிலேயே எந்திரத்தில் கடைந்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும், தடவினால் வழுவழுப்பாக இருக்கும். நகலில் மணல் சொரசொரப்பு அப்படியே இருக்கும். அல்லது அதை மறைக்கக் கிரைண்டரால் தாறுமாறாக இழுத்த தடங்கள் இருக்கும். எடையும் கைக்குத் தெரியும்: பழைய க்ரிஸ்வோல்டின் சுவர் வியக்கத்தக்க அளவுக்கு மெல்லியது, நகலோ கனத்துத் தொங்கும். விளிம்பிலிருந்து அடிவரை ஒரே ஆரஞ்சு நிறத்தில், பூசியதுபோல் சீராகத் துருவேறியிருந்தால், புது வார்ப்பை உப்புநீரில் ஊறவைத்து வயது ஏற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்படுங்கள். விற்பவர் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பத் தயங்கினால், 400 டாலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கராஜ் சேலில் ஏழு குழி உள்ள பணியாரச் சட்டி கிடைத்தது! க்ரிஸ்வோல்டு முத்திரையும் 32, 962 என்ற எண்களும் இருக்கின்றன. அமெரிக்கர்கள் பணியாரம் சுட்டார்களா?
— வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: அவர்கள் சுட்டது டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்களின் எபில்ஸ்கீவர் என்ற உருண்டைப் பலகாரம். கோதுமை மாவில் முட்டை சேர்த்துக் கரைத்து, குழியில் ஊற்றி, கம்பியால் திருப்பிப் போட்டுச் சுடுவார்கள். குழிப்பணியாரத்தின் செய்முறைக்கு எவ்வளவு நெருக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பலகாரத்துக்கென்று எரி ஆலை வார்த்த சட்டியின் எண்தான் 32. பேட்டர்ன் எண் 962. பெரிய விலைக்குப் போகக்கூடிய அரிய பொருளன்று. ஆகவே தயங்காமல் பணியாரம் சுடலாம்.

சுடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. துப்பாக்கிக் குண்டும் மீன்பிடி ஈயக்குண்டும் வீட்டிலேயே வார்த்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்கக் கிராமப்புறங்களில் இருந்தது, இன்றும் இருக்கிறது. நச்சுத்தன்மையுள்ள இந்தக் காரீயத்தை (‘லெட்’) உருக்கப் பழைய இரும்புச் சட்டி வசதியான பாத்திரம். வாங்கிய சட்டி எதுவானாலும், உட்புறத்தில் வெள்ளிநிறத் துளிகளோ சாம்பல்நிறப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ட்வேர் கடைகளில் ஈயத்தைக் காட்டும் சோதனைக் குச்சி விற்கிறது. அதில் ஈயம் இருப்பதாகக் காட்டினால் சுத்தம் செய்ய முயலாமல் சமையலிலிருந்தே விலக்கிவிடுங்கள்; உங்கள் குழிகளுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: கரி அரை அங்குலம் ஏறியிருக்கிறது. கிரைண்டரில் கம்பித் தூரிகை பொருத்தித் தேய்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். அடுப்பு தானே கடுஞ்சூடேறி அழுக்கை எரிக்கும் ‘செல்ஃப் கிளீன்’ வசதியில் வைக்கலாம் என்கிறார் தோழி.
— வாசகி, கேரி, வட கரோலினா

பதில்: இருவர் சொல்லையும் கேட்காதீர்கள். கிரைண்டர் ஆலையில் கடைந்த மேற்பரப்பை அழித்துவிடும். போன மேற்பரப்பு திரும்பாது, சேகரிப்பாளர் அதைப் பார்த்த உடனே விலையைப் பாதியாக்குவார். செல்ஃப் கிளீன் அடுப்பு 480 டிகிரி செல்சியசை நெருங்கும். பழைய மெல்லிய வார்ப்பு அதில் நெளியலாம், விரிசல் விடலாம். விறகு நெருப்பில் போட்டு எரிப்பது இன்னும் மோசம். மிதமிஞ்சிய சூட்டில் வெந்த இரும்பில் செம்மை கலந்த, செதில் செதிலான திட்டு விழும்; அந்த இடத்தில் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் பிடிக்காது.

கரிக்கும் பிசுக்குக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலே தக்க மருந்து. பிளாஸ்டிக் தொட்டியில் 19 லிட்டர் தண்ணீர் விட்டு, அதில் 450 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரையுங்கள். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். அலுமினியம் எதையும் அதில் போடக் கூடாது, கரைந்துவிடும். சட்டியை நாள்கணக்கில் ஊறவிட்டாலும் இரும்புக்குக் கேடு வராது. இந்தக் கரைசல் துருவை எடுக்காது. லேசான துருவுக்குச் சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் விட்டால் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும். கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை எடுக்கும் மின்பகுப்பு முறையைக் கையாள்பவர்கள், சட்டிக்கு எதிரே வைக்கும் நேர்மின் தகட்டுக்கு எவர்சில்வரைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைந்து வரும்.

சுத்தமானதும் தாமதிக்காமல் துடைத்து, சூடேற்றி, எண்ணெயைப் பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்து, 230 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரையுள்ள ஓவனில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். தோசைக்கல் பழக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விற்பதாக இருந்தால் ஒன்றிரண்டு பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனத்த கருமை எதையோ மறைப்பதாக வாங்குபவர் நினைப்பார். பெரும்பாலும் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கும்.

கேள்வி: விலையை யாரிடம் கேட்பது? மூடி தனியாகக் கிடைத்தால் வாங்கலாமா?
— வாசகர், அட்லாண்டா

பதில்: இணையச் சந்தைகளில் விற்பவர் கேட்கும் விலை கணக்கில் சேராது, ஒரு சட்டிக்கு 900 டாலர் கேட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் அங்கே உண்டு. ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டி, உங்களுடையதன் எண், முத்திரை, நிலை மூன்றும் ஒத்தவை உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். வியாபாரியிடம் நேரில் கொடுத்தால் அதில் பாதிதான் கிடைக்கும். அவருக்கும் லாபம் வேண்டுமல்லவா.

மூடிகளை அவசியம் வாங்குங்கள். அந்நாளில் சட்டியை வாங்கியவர்கள் பலர் மூடி வாங்கவில்லை. வாங்கியதிலும் கீழே விழுந்து உடைந்தவை அதிகம். ஆதலால் பல அளவுகளில் சட்டியைவிட மூடிக்கே விலை கூடுதல். அஞ்சலில் அனுப்பும்போது மூடியைச் சட்டியின்மேல் வைத்துக் கட்டாதீர்கள். வார்ப்பிரும்பு கனமானதே தவிர, ஒன்றோடொன்று மோதினால் விரிசல் விட்டுவிடும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில், கைப்பிடி முனை அட்டையைத் தொடாதபடி சுற்றிலும் அடைத்து அனுப்ப வேண்டும்.